21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: வயது 27. இரண்டு வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு, நாலு மாதம் முன்பு நிறுத்தினேன். மூன்றாம் நாளே பீரியட்ஸ் வந்தது. அடுத்தது 47 நாள் கழித்து, பிறகு 39 நாள் கழித்து. குழந்தையின்மை முகாமில் 21-ஆம் நாள் ரத்தம் எடுத்து, ‘முட்டை வெளியாகவில்லை, சிகிச்சைக்கு முன்பணம் கட்டுங்கள்’ என்கிறார்கள். மாத்திரையால் கர்ப்பப்பை கெட்டுவிட்டது என்கிறார் மாமியார்.

பதில்: முதலில், பணம் கட்டாதீர்கள்.

மாத்திரை கர்ப்பப்பையைக் கெடுப்பதில்லை. சாப்பிடும் வரை முட்டை வெளியாகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அப்போது மாதாமாதம் தேதி தவறாமல் வந்தது உண்மையான மாதவிலக்கு இல்லை. ஹார்மோன் நின்றதும் ஏற்படும் உதிரப்போக்கு. நிறுத்திய மூன்றாம் நாள் வந்ததும் அதேதான். உங்கள் உடம்பு தானாகக் கணக்கைத் தொடங்கியது அதற்குப் பிறகு. 47 நாள் 39 ஆகியிருக்கிறது. மூன்று மாதம் வரை முன்பின்னாக வருவது சகஜம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும்.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனை. முட்டை வெளியாகி ஏறக்குறைய 14 நாளில் மாதவிலக்கு வரும். 39 நாள் கணக்குக்காரருக்கு முட்டை வெளியாவதே 25-ஆம் நாள் வாக்கில். 21-ஆம் நாள் ரத்தம் எடுத்தால், முட்டை வெளியான பிறகே ஏறும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைவாகத்தானே இருக்கும்? உலை கொதிக்கும் முன்பே சோற்றுப் பதம் பார்த்த கதை இது. 21-ஆம் நாள் என்பது 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருபவர்களுக்கு. உங்களுக்கு முட்டை வெளியாகி ஒரு வாரம் கழித்து, அதாவது 32-ஆம் நாள் எடுத்திருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போடாமல் எத்தனை பெண்களை அழவைத்து அனுப்புகிறார்கள்! அங்கிருந்து கமிஷன் ஏஜென்ட் வீடு வரை வருவார், ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்பார். கதவைச் சாத்துங்கள். மருந்துக் கடையில் கேட்டு முட்டை வளரும் மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஸ்கேன் பார்க்காமல் போட்டால் ஒன்றுக்கு மேல் கரு தங்கலாம்.

மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்கும்போதே, நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வார்த்தை சொல்ல எங்கள் துறையில் யாருக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

ஒரு விஷயம் மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். நீங்கள் எடுத்தது மாத்திரை மட்டும்தானா? நடுவில் அரசு மருத்துவமனையில் ‘அந்தரா’ கருத்தடை ஊசி போட்டிருந்தால் கணக்கு வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்த ஊசிக்குப் பிறகு கரு தங்கும் நிலை திரும்பவே, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகும். ‘மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று வருபவர்களிடம் துருவிக் கேட்டால் சிலர் ஊசியைச் சொல்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் போட்டது, கருக்கலைப்புக்குப் பின் போட்டது எல்லாமே சேர்த்தி. ஊசி போட்ட பழைய அட்டையைத் தேடிப் பார்த்து, கடைசியாகப் போட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

தேதி சொல்லும் செல்போன் செயலியை நம்பாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள். ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் இன்றே தொடங்குங்கள். உங்கள் வயதுக்கு ஒரு வருடம் வரை பொறுக்கலாம். அதன் பிறகு பரிசோதனை என்றால் உங்கள் கணவருக்கும் விந்துப் பரிசோதனை உண்டு. மாமியாரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை 39 நாள் தாண்டினால் முதலில் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கரு இல்லை, மூன்று மாதமாகியும் மாதவிலக்கு வரவில்லை என்றாலோ, மார்பில் பால் கசிந்தாலோ, முகத்தில் ரோமம் அதிகமானாலோ மகப்பேறு மருத்துவரிடம் போய்த் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஸ்கேன் பாருங்கள். போகும்போது உங்கள் தேதிகள் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள்.