எவலின் டீச்சரின் இரண்டு வருடங்கள் (வாசகர் கேள்வி பதில்)

வாசகி, கரூர்: அமெரிக்க விண்வெளித் திட்டங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த கறுப்பினப் பெண்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தாராமே, அவர் யார்? என் மகள் எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். "இவ்வளவு படிச்சிட்டு வெறும் டீச்சர் வேலைதானா" என்று உறவுக்காரர்கள் கேட்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: எவலின் பாய்ட் கிரான்வில்லைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1924-ல் வாஷிங்டனில் பிறந்தவர். அம்மாவுக்கும் சித்திக்கும் டாலர் நோட்டு அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் வேலை. அந்த ஊரில் அப்போது வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி. ஆனால் இவர் படித்த டன்பார் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர்கள் பலர் பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள், நிறத்தைக் காட்டி மற்ற இடங்கள் கதவைச் சாத்தியதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் படித்து, ஸ்மித் என்ற பெண்கள் கல்லூரிக்குப் போனார், அதற்கு வீட்டார் கையிலிருந்து போட்டது போக உதவித்தொகையும் கிடைத்தது. 1949-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

ராக்கெட் கதைக்கு அப்புறம் வருகிறேன். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1950 முதல் 1952 வரை நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் அவர் பாடம் நடத்திய காலம். இரண்டே வருடம்தான். அந்த வகுப்பில் விவியன் மலோன் மேய்ஸ் என்று ஒரு பெண், மருத்துவர் ஆகலாம் என்று வந்தவர், எவலினும் துறைத் தலைவர் லீ லார்ச்சும் நடத்திய பாடங்களைக் கேட்டுக் கணிதத்துக்கு மாறினார். பிறகு 1961-ல் பேலர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது கறுப்பினத்தவர் என்பதற்காகவே இடம் மறுத்தார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார், அங்கேயும் பெயர்பெற்ற ஒரு பேராசிரியர் தன் வகுப்பில் உட்காரவே விடவில்லை. 1966-ல் முனைவர் பட்டம் வாங்கினார், அதே வருடம் அதே பேலர் அவரைத் தன் முதல் கறுப்பினப் பேராசிரியராக வேலைக்கு எடுத்தது! இன்னொரு மாணவி எட்டா ஃபால்கனர், 1969-ல் எமரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஸ்பெல்மன் கல்லூரியில் எத்தனையோ கறுப்பின மாணவிகளைக் கணிதத்திலும் அறிவியலிலும் வளர்த்துவிட்டார். உங்கள் உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா. மகளிடமும் சொல்லுங்கள்.

வாசகர், தஞ்சாவூர்: கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர்தானா?

பதில்: இல்லை, இரண்டாவது. முதலாமவர் யுஃபீமியா ஹெய்ன்ஸ், 1943-ல் வாங்கினார். அவரும் வாஷிங்டன்காரர், அவரும் ஆசிரியர்தான், ஆனால் அவர் பெயர் ரொம்ப காலம் யார் கண்ணிலும் படாமலே கிடந்தது.

வாசகி, கோவை: ஐபிஎம் கணினி நிறுவனத்தில் அவர் செய்த வேலை என்ன?

பதில்: ஃபிஸ்க்கை விட்டுக் கிளம்பி அரசு ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தார், 1956-ல் ஐபிஎம்மில் சேர்ந்தார். துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதி உள்ளே கொடுக்கும் ஐபிஎம் 650 கணினியின் காலம் அது. வான்கார்ட் செயற்கைக்கோள் திட்டத்துக்கும் பிறகு மனிதனைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பிய மெர்க்குரி திட்டத்துக்கும் நிரல் எழுதிய குழுவில் இருந்தார். தரையில் இருக்கும் நிலையங்கள் அனுப்பும் அளவுகளை வைத்து விண்கலம் எந்தப் பாதையில் போகிறது, அடுத்து எங்கே இருக்கும் என்று அது பறந்துகொண்டிருக்கும்போதே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், தாமதமாக வரும் விடையால் பிரயோஜனம் இல்லை. மனிதனை நிலவுக்கு அனுப்பிய அப்பல்லோ திட்டத்துக்கும் பின்னால் வேலை செய்தார்.

வாசகர், மதுரை: அவ்வளவு பெரிய வேலையை விட்டுவிட்டு ஏன் மறுபடியும் கல்லூரிக்கு வந்தார்?

பதில்: 1967-ல் ஐபிஎம் தன் லாஸ் ஏஞ்சலஸ் ஆட்களைக் குறைத்தபோது, ஊரை விட்டுப் போக மனமில்லாமல், அங்கிருந்த கலிஃபோர்னியா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு அடிப்படைக் கணக்கே தடுமாறுவதைப் பார்த்ததும் அவர் கவனம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது, தொடக்கப் பள்ளிக்கே போய்ச் சின்னக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு கணிதப் பாடநூலும் 1975-ல் இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். யேல் டாக்டரேட், சுற்றுப்பாதைக் கணக்கு எல்லாம் பார்த்தவர் ஒன்றாம் வகுப்புக் கூட்டல் கழித்தலை இவ்வளவு மதித்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம்.

1984-ல் ஓய்வு. கணவரோடு டெக்சஸுக்குப் போய்ப் பண்ணை வாங்கிக் கோழி வளர்த்து முட்டை விற்றார்கள். ஆனாலும் வகுப்பறையை விட முடியவில்லை, டைலர் ஊரில் டெக்சஸ் கல்லூரியில் சில வருடம், பிறகு அதே ஊர் பல்கலைக்கழகத்தில் 1997 வரை பாடம் நடத்தினார், அப்போது வயது 73. நடுவில் 1989-ல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 2023 ஜூனில், 99 வயதில் காலமானார்.