தானம் செய்த ரத்தம் திசு அச்சிடவும் உதவுமா?

பெங்களூரு அல்சூரில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நீங்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. உதவும், ஆனால் இன்னும் பெரும்பாலும் ஆய்வக அளவில்தான். திசு அச்சிடுவது என்றால், உயிருள்ள செல்கள் கலந்த கூழை முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் ஊசிமுனை வழியே அடுக்கடுக்காகப் படியவைப்பது.

ரத்தம் உறைய உதவும் நுண்துகள்களான ரத்தத்தட்டுகளை 20–24 டிகிரி செல்சியஸில், ஓயாமல் அசைத்துக்கொண்டே, பொதுவாக 5 நாள்தான் வைத்திருக்க முடியும். கெடு முடிந்தவற்றை உறையவைத்து உருக்கினால் தட்டுகள் உடைந்து, செல்களை வளரத் தூண்டும் புரதங்கள் வெளிவருகின்றன. வீணாகக்கூடிய கொடை இப்படிப் பயன்படுவது எனக்குப் பெரிய நிறைவைத் தருகிறது.

சிக்கல், இந்தத் தட்டுகள் மிதக்கும் திரவமான பிளாஸ்மா நீர்த்திருப்பது: ஊசிமுனையை விட்டு வந்ததுமே பரவிவிடும். ஆகவே கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டுடன் அதைக் கலந்து அச்சிட்டு, கால்சியம் கரைசலைப் படவிடுகிறார்கள். ஆல்ஜினேட் இறுகும்போதே, அதே கால்சியம் பிளாஸ்மாவின் உறைதலையும் தூண்டுவதால், முழங்கால் சிராய்ப்பில் உருவாகும் அதே ஃபைப்ரின் என்ற புரத இழை வலை உள்ளே பின்னப்படுகிறது. ரத்தம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே தரத்தில் இதைத் தயாரிப்பதுதான் கடினம்.