எஞ்சின் மாத்தின லொறியில ஸ்டாட்டர் சத்தம்: கேள்வி பதில்

மாங்குளத்திலிருந்து: அண்ணை, நாலு சிலிண்டர் லொறிக்கு றீகண்டிசன் எஞ்சின் போட்டு ஒரு கிழமை. திறப்பைத் திருப்பினா சிலநேரம் "கறார்" எண்டு அரைக்குது, சிலநேரம் ஒண்டுமில்லை. ஸ்டாட்டரை மாத்தட்டோ?

பதில்: அவசரப்பட்டுக் காசைக் கரைக்காதைங்கோ தம்பி. விட்டு விட்டு அரைச்சா என்ர முதல் சந்தேகம் பிளைவீல் (எஞ்சின்ர பின்பக்கப் பாரச் சில்லு) றிங் கியரில, அதாவது அதைச் சுத்தியிருக்கிற பல்லு வளையத்தில. நாலு சிலிண்டர் எஞ்சினை நிப்பாட்டினா, கொம்பிரசன் (சிலிண்டருக்குள்ள காத்து நெருக்குப்படுறது) தடுத்து அநேகமா எதிரெதிரான ரண்டு இடத்திலதான் நிக்கும். பினியன் (ஸ்டாட்டரின்ர சின்னப் பல்லுச் சில்லு) வருசக்கணக்கா அந்தப் பல்லுகளைத்தான் அடிக்கும். பற்றரி எர்த்தைக் கழட்டிப்போட்டு ஸ்டாட்டரை இறக்குங்கோ. அந்த ஓட்டையால டோர்ச் அடிச்சுக்கொண்டு, எஞ்சின் முன்பக்கத்துக் கிராங் கப்பி நட்டில ஸ்பானர் போட்டு ஒரு முழுச் சுத்து மெதுவாச் சுத்துங்கோ. நல்ல பல்லு தட்டையா இருக்கும். தேஞ்சது கத்தி மாதிரிக் கூராகி, ஓரம் பிஞ்சிருக்கும். அதில சோக்கால கோடு போடுங்கோ.

புதுக்குடியிருப்பிலிருந்து: ஸ்டார்ட் ஆகித் திறப்பை விட்டதும் ஒரு ஊளைச் சத்தம். ஸ்டாட்டர் புதுசு.

பதில்: பினியன் றிங் கியரோட இறுக்கமா நிக்குது, இல்லாட்டி திரும்பி வரச் சுணங்குது. பழைய பினியனையும் புதுசையும் பக்கத்தில வைச்சுப் பல்லை எண்ணுங்கோ. பூட்டுற முகத்தில பெயின்ற், ஊத்தை இருந்தாச் சுரண்டுங்கோ. எங்கட கராஜுக்கு ஒரு லொறி ரண்டு ஸ்டாட்டர் மாத்தின பிறகு வந்தது. பெல் ஹவுசிங்கை (கியர்பொக்ஸை எஞ்சினோட இணைக்கிற, ஸ்டாட்டரும் பூட்டியிருக்கிற கூடு) கழட்டினா, அதைச் சரியான இடத்தில பிடிக்கிற டவல் பின் ரண்டும் இல்லை, பழைய எஞ்சினோடயே போயிட்டுது! போல்ட்டில மட்டும் தொங்கின ஹவுசிங் சாடையா இறங்கியிருந்தது. அந்தச் சாரதி செலவழிச்சதை நினைச்சா இப்பவும் மனம் கேக்குதில்லை.

நெடுங்கேணியிலிருந்து: "டிக்" எண்டு மட்டும் கேக்குது. அக்சிலேற்றர் கேபிள் சுடுது.

பதில்: எஞ்சினுக்கும் சசிக்கும் இடையிலான எர்த் வயரைப் பூட்ட மறந்திட்டினம். கரண்ட் கேபிளால போகுது. நெருப்புப் பிடிக்க முதல் பூட்டுங்கோ.

மல்லாவியிலிருந்து: ஐடிலில "டொக் டொக்". கிளச் மிதிச்சா சத்தம் மாறுது.

பதில்: பிளைவீல் போல்ட் இளகியிருக்கலாம். லொறியை இனி ஒரு அடியும் ஓட்டாதைங்கோ, கியர்பொக்ஸை இறக்கிப் பாருங்கோ.

மாங்குளம், திரும்பவும்: அண்ணை, ரண்டு பக்கமும் மூண்டு மூண்டு பல்லுத் தேஞ்சிருக்கு. நெல்லு ஏத்திற நேரம், என்ன செய்ய?

பதில்: றிங் கியரைச் சூடாக்கிக் கழட்டி, 90 பாகை திருப்பித் திரும்பப் போடலாம். சிவக்கச் சூடாக்கினா பல்லின்ர உறுதி போயிடும். வெல்டிங் வைச்சுப் பல்லுக் கட்டவே வேண்டாம். அதுவரைக்கும் அரைச்சா உடன திறப்பை விடுங்கோ. எஞ்சின் ஓஃப்பில நாலாம் கியரைப் போட்டு, ரண்டு பேர் லொறியைச் சாடையா முன்னுக்குத் தள்ளினா பிளைவீல் நல்ல பல்லுக்கு நகரும். நியூட்ரலுக்கு எடுத்துப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ.