லட்சத்தீவில் 823, தருமபுரியில் 21,300

கேள்வி: தருமபுரி கல்லூரியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன். எங்கள் தொகுதியையும் லட்சத்தீவையும் ஒப்பிட்டு புராஜெக்ட் செய்ய வேண்டும். லட்சத்தீவில் 1957, 1971 ஆண்டுகளுக்கு ஓட்டு எண்ணிக்கையே கிடைக்கவில்லை. 2019இல் வெறும் 823 ஓட்டில் ஜெயித்தார் என்கிறார்களே, அவ்வளவு கடும் போட்டியா?

பதில்: அந்த இரண்டு ஆண்டுகளும் காலியாக இருப்பதற்குக் காரணம் வேறு வேறு. 1967க்கு முன் அங்கே தேர்தலே கிடையாது. நல்லகோயா தங்ஙள் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட உறுப்பினர். 1957 வரிசையில் ‘நியமனம்’ என்று எழுதுங்கள், ‘வெற்றி’ என்று போடாதீர்கள். 1971இல் பி.எம். சயீத் போட்டியின்றித் தேர்வானார். அங்கே ஓட்டு ‘0’ என்று நிரப்பினால் எக்செல் சராசரியைக் கெடுத்துவிடும், காலியாகவே விடுங்கள்.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. 1973 நவம்பருக்கு முந்தைய அறிக்கைகளில் ‘லட்சத்தீவு’ என்று தேடினால் சிக்காது; லக்காதீவு, மினிக்காய், அமிந்தீவி தீவுகள் என்பதே அன்றைய பெயர். கட்சிப் பெயரையும் அந்தந்த ஆண்டு அறிக்கையில் உள்ளபடியே எடுங்கள். சயீத் 1967இல் சுயேச்சையாக ஜெயித்தவர். 1999 வரை தொடர்ந்து பத்து முறை அவர்தான் எம்.பி. என்பதால் எல்லா வரிசையிலும் ‘காங்கிரஸ்’ என்று இழுத்துவிடும் தப்பு அடிக்கடி நடக்கிறது.

தருமபுரி மக்களவைத் தொகுதி 1977 தேர்தலில்தான் வந்தது. அதற்கு முந்தையதை ஒப்பிட வழியில்லை, அங்கிருந்தே தொடங்குங்கள். 2009 தேர்தலிலிருந்து நம் தொகுதி எல்லை மாறியதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் இல்லை. நம்மிடம் பாலக்கோடு முதல் மேட்டூர் வரை ஆறு சட்டமன்றத் தொகுதி வாரியாக இருக்கும் கணக்கை அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி 823. 2019இல் முகம்மது ஃபைசல் 22,851, ஹம்துல்லா சயீத் 22,028. வித்தியாசத்தைப் பதிவான மொத்த ஓட்டால் வகுத்தால் சுமார் 1.75 சதவீதம். தருமபுரியில் 2024இல் ஆ. மணி சௌமியா அன்புமணியைவிட 21,300 ஓட்டு கூடுதலாகப் பெற்றார். அதுவும் ஏறக்குறைய 1.7 சதவீதம்தான்! ஆக, இரண்டு போட்டியும் கிட்டத்தட்ட ஒரே இறுக்கம். லட்சத்தீவில் 2024இல்கூட வாக்காளர்கள் 58,000 அளவுதான். இங்கே 15 லட்சத்துக்கும் மேல். வித்தியாசத்தை எண்ணிக்கையில் மட்டும் வைத்தால் உங்கள் வரைபடத்தில் தீவு எப்போதும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அட்டவணையில் சதவீதத்துக்கு ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் வேண்டும்.

உண்மையிலேயே மயிரிழைத் தேர்தல் என்றால் அது 2004. பூக்குஞ்ஞி கோயா, பி.எம். சயீத்தை 71 ஓட்டில் தோற்கடித்தார். சதவீதத்தில் 0.2 சொச்சம், இன்றைய தருமபுரிக் கணக்கில் மூவாயிரத்துக்கும் குறைவு. புராஜெக்டில் அதிக பக்கம் இதற்கே ஒதுக்கலாம்.

கடைசியாக ஒரு கண்ணி: 2023 பிப்ரவரி 27 இடைத்தேர்தல். ஃபைசல் ஒரு வழக்கில் தண்டனை பெற்றுத் தகுதி நீக்கம் ஆனதும் அறிவிக்கப்பட்டது. தீர்ப்பை கேரள உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்ததால் நடக்கவில்லை. அட்டவணையில் அதற்கு வரிசை வேண்டாம். 2019க்கு அடுத்த வரிசை 2024: ஹம்துல்லா சயீத் 25,726, ஃபைசல் 23,079. அந்த முறை ஃபைசல் நின்றது தேசியவாத காங்கிரஸின் சரத் பவார் அணியில். அஜித் பவார் அணிக்குத் தனி வேட்பாளர் இருந்தார். இரண்டையும் ஒரே கட்சியாகக் கூட்டிவிடாதீர்கள்.