அட்வான்ஸ் வாங்கியவர் போனை எடுப்பதில்லை: வீடு கட்டுவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் சிமென்ட், ஜல்லி பற்றிய சந்தேகம் குறைவு. மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பெயின்டர் பற்றிய புலம்பல்தான் அதிகம். நல்ல வேலைக்காரர் கிடைத்ததாகச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவரும் அது தெரியாமல் புகாராகத்தான் எழுதியிருக்கிறார்.

சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட் விட்டோம். மோல்டு (கூரை காங்கிரீட்) போட்டு முடிக்கும்போதே பேசிய தொகையில் முக்கால்வாசி போய்விட்டது. இப்போது பூச்சு வேலைக்கு ஆள் வருவதில்லை. போன் செய்தால், 'வாலாஜாவுல ஒரு சைட் அவசரம், திங்கட்கிழமை வந்துடறேன்' என்கிறார். எத்தனை திங்கட்கிழமை பொறுப்பது? (சத்துவாச்சாரி)

அவர் ஏமாற்றுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் இடத்தில் நின்று கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் மீதி இருப்பது உள்பூச்சு, வெளிப்பூச்சு, தரை, படி, மாடிக் கைப்பிடிச் சுவர். எல்லாமே ஆள்கூலி தின்னும் வேலை. அவருக்கு வரவேண்டியதோ கால்வாசிதான். உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினால் சனிக்கிழமை கூலியைக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டும். வாலாஜாவில் புது அட்வான்ஸ் காத்திருக்கிறது. எங்கே போவார்?

ஒவ்வொரு சனிக்கிழமையும் 'ஆளுங்களுக்குக் கொடுக்கணும் சார்' என்று அவர் நின்றபோது, எவ்வளவு வேலை ஏறியிருக்கிறது என்று பார்க்காமல், எத்தனை ஆள் வந்தார்கள் என்று பார்த்துப் பணம் கொடுத்திருப்பீர்கள். பேசியது சதுர அடிக்கு, கொடுத்தது வாரக்கூலிக்கு. பணம் வேலையை முந்திக்கொண்டு ஓடியது அங்கேதான்.

இப்போது சண்டை வேண்டாம். ஒருநாள் சைட்டுக்கு வரச் சொல்லுங்கள். டேப் பிடித்து முடிந்த வேலையை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் இதுவரை கொடுத்த தொகையைத் தேதிவாரியாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீதி வேலையை அறை அறையாகப் பிரித்து, ஹால் பூச்சு முடிந்தால் இவ்வளவு, கிச்சன் முடிந்தால் இவ்வளவு என்று பேசினால், பெரும்பாலும் ஆள் திரும்பி வருவார். வராவிட்டால் அந்த நோட்டு புது மேஸ்திரியிடம் பேச உதவும். புதியவர் கூடுதலாகத்தான் கேட்பார். அடுத்தவர் விட்டுப்போன சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காவிட்டால் பூச்சு கனம் ஏறும், அதற்குக் கேட்பது நியாயம்தான்.

இனிமேல் கான்ட்ராக்ட் பேசப்போகிறவர்களுக்கு: பேஸ்மென்ட், லிண்டல், மோல்டு, பூச்சு, தரை என்று கட்டம் பிரித்து, கட்டம் முடிந்தபின் பணம் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம் சாவி வாங்கும் வரை உங்களிடமே இருக்கட்டும். போர்டிகோ, சன்ஷேடு, லாஃப்ட், சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் சதுர அடியில் சேர்த்தியா, தனியா? சென்ட்ரிங் ஷீட் (காங்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடு), மிக்ஸர், வைப்ரேட்டர் வாடகை யாருடையது? தகராறு பெரும்பாலும் எழுதாமல் விட்ட இந்த வரிகளில்தான் கிளம்புகிறது.

மெட்டீரியலோடு மொத்தமாக விட்டிருந்தால் தொகை பெரிது, அங்கே சட்டத்துக்கும் வழி வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டித் தருவதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவைதான். கொடுத்த தொகை 50 லட்ச ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, 'எழுத்துல என்ன இருக்கு?' என்பதைத்தான்.

எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. மேஸ்திரியோ, 'இந்த ஊர்ல எல்லா வீடும் இந்தத் தண்ணியிலதாம்மா நிக்குது' என்கிறார். என் தம்பி லாரித் தண்ணீர் வாங்கச் சொல்கிறான். யார் சொல்வது சரி? (ஆம்பூர்)

உங்கள் தம்பி.

மேஸ்திரி பொய் சொல்லவில்லை, வீடுகள் நிற்கத்தான் செய்கின்றன. சன்ஷேடு அடியில் காங்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் வீடுகளும் அதே தெருக்களில்தான் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு நடை போய் வாருங்கள்.

தண்ணீரில் உள்ள குளோரைடு காங்கிரீட்டை உடனே ஒன்றும் செய்யாது. அது குறிவைப்பது கம்பியை. சிமென்டின் காரத்தன்மையால் கம்பியைச் சுற்றி ஒரு பாதுகாப்புப் படலம் உண்டாகும். குளோரைடு அதை உடைக்கும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளக்கும். இது நடக்கச் சில வருடங்கள் ஆகும் என்பதால், கட்டிய மேஸ்திரி கண்ணில் படுவதே இல்லை.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறிப்பேட்டின்படி, கம்பி போடும் காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பியில்லாத காங்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். சல்பேட் 400-க்குள் இருக்க வேண்டும், பி.எச். 6-க்குக் கீழே போகக் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும். தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்பு, பதனிடும் கழிவோடு கலந்து பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. நாக்கில் வைத்துப் பார்த்து 400-க்கும் 900-க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குளோரைடு, சல்பேட், பி.எச். மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயப்படுகிறீர்களா? ஒரு மூட்டை சிமென்டுக்குக் காங்கிரீட்டில் 25 முதல் 27 லிட்டர் தண்ணீர்தான் தேவை. மோல்டுக்கு 100 மூட்டை போனாலும் 2,700 லிட்டர், ஒரு டேங்கர் லோடுக்குள் அடங்கிவிடும். காங்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்குத்தான் அதிகம் ஆகும். அதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும், உப்புத் தண்ணீரைப் பாத்தி கட்டி நிறுத்தினால் குளோரைடு மேலிருந்து இறங்கும். செங்கல் கட்டு, பூச்சுக்குக் கொஞ்சம் உப்பு பரவாயில்லை என்பார்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்து பெயின்ட் உரிந்தால் வருத்தப்படாதவர்கள் அப்படிச் செய்யலாம்.

நல்ல நாள் பார்த்து அஸ்திவாரத்துக்குக் கடக்கால் எடுத்தோம். ஒரு மூலையில் நாலடி போனதும் மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு, 'மண்ணு சரியில்ல, இன்ஜினியரைக் கூப்பிடுங்க' என்கிறார். மற்ற மூன்று மூலையும் கெட்டி. சாக்குச் சொல்லிப் பணம் ஏற்றப் பார்க்கிறாரா? (குடியாத்தம்)

வேலையை நிறுத்தினால் முதல் நஷ்டம் அவருக்குத்தான். வந்த ஆளுக்குக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பணம் ஏற்ற நினைப்பவர் குழியைக் காட்டமாட்டார், மூடிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்பார்.

நீங்களே குழிக்குள் இறங்கிப் பாருங்கள். கடப்பாறையைப் போட்டால் குத்தாமலே இறங்குகிறதா? மண்ணில் ஓட்டுத் துண்டு, கரி, பாலித்தீன் பை தெரிகிறதா? தெரிந்தால் அது இயற்கை மண் இல்லை, யாரோ மூடிய பள்ளம். பழைய கிணறாகவும் இருக்கலாம். அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், நில அளவை வரைபடத்தில் கிணறு குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீடு முழுவதும் சமமாக ஒரு அங்குலம் இறங்கினால்கூடத் தாங்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும், எத்தனை முறை பட்டி பார்த்தாலும் திரும்பி வரும்.

கெட்டி மண் வரும்வரை ஆழப்படுத்தலாம். கிணறு என்றால் தூணைத் தள்ளி வைத்து பீம் கொடுக்க வேண்டி வரலாம். எது என்று இன்ஜினியர் குழியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மணலைக் கொட்டி, மேலே ஜல்லி காங்கிரீட் போட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மேஸ்திரியை விட்டுவிடாதீர்கள், முடிந்தால் நம்பரை எனக்கும் அனுப்புங்கள்.

மே மாதம் மோல்டு போட்டோம். ஐந்தாம் நாளே சென்ட்ரிங்காரர் ஷீட்டைப் பிரிக்க வந்துவிட்டார், வேறு சைட்டுக்கு வேண்டுமாம். விடலாமா? (காட்பாடி)

ஷீட்டை எடுக்கலாம், அதைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்கக் கூடாது. மோல்டு அடியில் உள்ள ஷீட்டை மூன்று நாளிலேயே பிரிக்க அதே ஐ.எஸ். 456 குறிப்பேடு இடம் தருகிறது, ஆனால் பிரித்த கையோடு முட்டுகளைத் திரும்ப நிறுத்த வேண்டும். அறை அகலம் 4.5 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய பதினாலே முக்கால் அடி வரை இருந்தால் முட்டு 7 நாள். அதைத் தாண்டினால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே போனால் 21. இதெல்லாம் ஓ.பி.சி. என்ற சாதாரண சிமென்டுக்கான கணக்கு. இங்கே பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி., அதற்கு இன்னும் சில நாள் விடுங்கள்.

தண்ணீர் கட்டுவதையும் கவனியுங்கள். வெயில் காலத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது, பி.பி.சி.க்கு 14 நாள் நல்லது. வேலூர்க் கத்திரியில் காலையில் கட்டிய பாத்தி மதியத்துக்குள் வறண்டுவிடும். சென்ட்ரிங்காரரைத் திட்டிப் பயனில்லை. ஷீட் அவருக்கு நாள் வாடகை, கூடுதல் நாளுக்கு என்ன என்று முன்பே பேசியிருந்தால் ஐந்தாம் நாள் வந்திருக்கமாட்டார்.

எலக்ட்ரீஷியன் சுவரெல்லாம் வெட்டி பைப் பதித்துவிட்டுப் போய்விட்டார். காடியை அடைப்பது 'மேஸ்திரி வேலை' என்கிறார். மேஸ்திரி, 'வெட்டினவன்தான் அடைக்கணும்' என்கிறார். (ஆற்காடு)

ஊர் ஊருக்கு நடக்கும் சண்டை. வழக்கம் என்று ஒன்று கிடையாது, பேசியதுதான் வழக்கம். எலக்ட்ரீஷியனுக்கு இன்னும் பணம் பாக்கி இருந்தால் அவரையே அடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மேஸ்திரிக்கு ஒருநாள் கூலி கொடுத்து முடியுங்கள். அடைக்கும் முன் நனைத்து, மேலே கோழிவலை வைத்துப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோடு விழும்.

எனக்குக் கவலை அடைப்பது பற்றியல்ல, வெட்டிய விதம் பற்றி. மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை போகலாம். குறுக்கே வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான், ஒன்பது அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலம். நாலரை அங்குலச் சுவரில் குறுக்குவெட்டே வேண்டாம். அப்படி வெட்டியிருந்தால் அடைக்கும் முன் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

கடை பில்லில் உள்ள எடைக்குக் கம்பி வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாணியம்பாடி)

எண்ணிப் பாருங்கள். கம்பியின் மில்லிமீட்டர் அளவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மீட்டர் நீளக் கம்பி, 8 எம்.எம். என்றால் ஏறக்குறைய 4.7 கிலோ, 10 எம்.எம். 7.4, 12 எம்.எம். 10.7, 16 எம்.எம். 19. 8, 10 எம்.எம். கம்பியில் ஏழு சதவீதமும், 12, 16 எம்.எம். கம்பியில் ஐந்து சதவீதமும் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் கடைக்காரரிடம் போங்கள். லோடு இறங்கும்போதே எண்ணுங்கள், கம்பி கட்டுகிறவர் வெட்ட ஆரம்பித்தபின் யாரையும் கேட்க முடியாது.

பெயின்டர் ஒரே கம்பெனி பெயின்ட்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். ஏன்? (திருப்பத்தூர்)

பக்கெட்டுக்குள் பெயின்டருக்குப் பணமாகும் டோக்கன் இருக்கும். அது குற்றமில்லை, அவருக்கு அது பழக்கமான சரக்காகவும் இருக்கலாம். கம்பெனியை விட்டுவிட்டு, பிரைமர் உண்டா, எத்தனை கோட், எவ்வளவு தண்ணீர் கலப்பார் என்று கேளுங்கள். பக்கெட்டை உங்கள் எதிரில் திறக்கட்டும்.

மோல்டு போடும் நாளில் எல்லாருக்கும் பிரியாணி, நிலை வைக்கும்போது ஆசாரிக்கு வேட்டி துண்டு, பணம் என்கிறார் மேஸ்திரி. கான்ட்ராக்ட்டில் இதெல்லாம் இல்லையே? (பாகாயம்)

இருக்காது. ஆனாலும் செய்யத்தான் வேண்டும். வெயிலில் ஜல்லி சுமக்கும் சித்தாளுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு போட்டதால் யார் பட்ஜெட்டும் இடிந்ததில்லை. பிரியாணியை மட்டும் கடைசிச் சட்டி காங்கிரீட் கொட்டி, மட்டப்பலகை போட்டு இழுத்தபின் பிரியுங்கள். நடுவில் பிரித்தால் அரை மணி என்பது ஒன்றரை மணி ஆகும், அதற்குள் பாதியில் நிற்கும் காங்கிரீட் இறுகி, அந்த இடத்தில் மழைக்கு ஒழுகும். பசிக்கு நடுவில் டீயும் பன்னும் போதும்.