மேஜிக் கேள்வி – பதில்: கை பழகிவிட்டது, கண் பழகவில்லை

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): நாணயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவதுபோல் காட்டி மறைக்கும் வித்தையை மூன்று மாதமாகப் பழகுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. ஒரு பிறந்தநாள் விழாவில் செய்தபோது, முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் "அண்ணா, அந்தக் கையிலதான் இருக்கு" என்று கத்திவிட்டார்கள். எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் கண்ணில். காசு இடது கையிலேயே தங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும், அதனால் பார்வையும் அங்கேயே நிற்கிறது. நீங்கள் பார்க்கும் இடத்தைத்தான் பிள்ளைகளும் பார்ப்பார்கள். இன்னொன்று: கண்ணாடி முன் பழகுகிறவர்களில் பலர், காசை மறைக்கும் அந்த நொடியில் தங்களை அறியாமல் கண்ணைச் சிமிட்டிவிடுவார்கள். தப்பு கண்ணில் படாமலே போய்விடும்.

செல்போனில் படம் எடுங்கள். தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண் உயரம் இரண்டடி, இரண்டரையடிதான். போனை அந்த உயரத்தில், ஆறடி தள்ளி, ஒருமுறை நேராகவும் ஒருமுறை பக்கவாட்டிலும் வையுங்கள். விரல் இடுக்கில் காசு பளிச்சிடுவது தெரிந்துவிடும்.

பிறகு, பத்து முறை காசை நிஜமாகவே வலது கைக்கு மாற்றுங்கள். கண் எங்கே போகிறது, காலியான இடது கை எப்படித் தளர்ந்து தொடைப் பக்கம் இறங்குகிறது என்று கவனியுங்கள். பதினோராவது முறை மாற்றுவதுபோல் நடியுங்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிள்ளைகள் கண்டுபிடித்தது. அநேகமாக இடது கை விறைத்து நின்றிருக்கும்.

வலது கையை உடனே திறக்காதீர்கள். மூடிய கையைப் பார்த்தபடி ஒரு வரி பேசி, இரண்டு மூன்று நொடி கழித்து விரல் விரலாகத் திறங்கள். அவசரப்பட்டால் "இப்பத்தானே மாத்தினாரு" என்ற நினைவு மாறாமல் இருக்கும், நேராக இடது கையைக் கேட்பார்கள்.

காசு பத்து ரூபாயாக இருக்கட்டும், அகலம் 27 மி.மீ. இப்போது வரும் ஒரு ரூபாய் 20 மி.மீ.தான், மூன்றாவது வரிசைக்கே தெரியாது. நம் கடலோரப் புழுக்கத்தில் காசு விரலில் ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு விழாது. தொடங்குமுன் கையைத் துடையுங்கள்.

கேள்வி (ராயபுரம் வாசகர்): ஆடித் திருவிழா மேடையில் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கயிற்றை வெட்டி ஒட்டும் வித்தை கையில் நிற்கிறது. வாயைத் திறந்தால் "இது சாதாரண கயிறு, இதோ வெட்டுறேன்" என்பதற்கு மேல் வரவில்லை.

பதில்: "சாதாரண கயிறு" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். யாருக்கும் வராத சந்தேகத்தை அது கிளப்பும். முன்வரிசையில் ஒருவரிடம் இழுத்துப் பார்க்கக் கொடுத்தால் போதும். வெட்டுவது எல்லோருக்கும் தெரிகிறது. ஏன் வெட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பந்தல் போடுகிறவரும் மைக்செட்காரரும் ஒரே கயிற்றுக்குச் சண்டை போடுகிறார்கள், ஆளுக்குப் பாதி என்று வெட்டினால் இருவருக்குமே எட்டவில்லை. இவ்வளவு போதும், திரும்ப ஒட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதை நோட்டில் எழுதுங்கள். முதலில் கயிறில்லாமல் பேச்சு மட்டும், அடுத்து பேச்சில்லாமல் கை மட்டும், அப்புறம் இரண்டும் சேர்த்து. கோயில் குழாய் ஸ்பீக்கரில் வேகமான பேச்சு குழம்பும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இரண்டு கையும் வேண்டும் என்பதால் மைக் ஸ்டாண்டை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மேடைக்குப் பின்னால் துணி கட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பிள்ளைகள் ஏறினால் இந்த வித்தை செய்ய முடியாது.

மிருதுவான வெள்ளைப் பருத்திக் கயிறு, ஐந்தடி. நைலான் முடிச்சு நழுவும்.

ஒட்டிய கயிற்றை இரு நுனியும் பிடித்து விரித்ததும் வாயை மூடுங்கள். மனதுக்குள் ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கள். கைதட்டல் வருமுன் அடுத்த வித்தைக்குப் பாய்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு. 1956-இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் இந்திய மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அந்தப் பெண் அசையாமல் கிடக்க, நிகழ்ச்சி சட்டென்று முடிந்தது. பதறிப்போய் அழைத்தவர்களால் நிலையத்துத் தொலைபேசிகள் திணறின. விளக்கம் சொல்லாமல் விட்ட அந்த இடைவெளிதான் அவ்வளவையும் செய்தது.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): கோட்டும் தொப்பியும் அவசியமா?

பதில்: இல்லை. நம் ஊர் வெயிலில் கோட்டு போட்டால் வியர்வைதான் மிஞ்சும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுச் செய்யுங்கள், 'கைக்குள்ள ஒளிச்சிருக்காரு' என்ற பேச்சு எழாது. பேன்ட் பைகள் ஆழமாக இருக்கட்டும். எந்தப் பையில் என்ன என்பதை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள்.