பாஸ்பரஸ் மாத்திரை சோற்றோடு போகணும்: டயாலிசிஸ் வீட்டுக் கேள்விகளுக்கு என் பதில்

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் 12 வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். கிட்னி பழுதானவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்தன. பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிட்னி டாக்டரான நெப்ராலஜிஸ்ட்டின் வேலை, அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பாறசாலையிலிருந்து ஒரு தங்கை: அம்மாவுக்கு வாரம் 3 டயாலிசிஸ். மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறோம், பாஸ்பரஸ் 7.2-இல் நிற்கிறது. ஏன்?

எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே தங்கச்சி. நான் பார்த்த வரைக்கும் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். பிரஷர் மாத்திரை மாதிரி இது ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. சாப்பாட்டில் பாஸ்பேட் என்கிற வடிவில் இருக்கிற பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது, அவ்வளவுதான். இலையில் சோறு விழுந்த நேரத்தில் மாத்திரையும் உள்ளே போகவேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பெரும்பகுதி வீண். இதே வேலைக்குக் கொடுக்கிற கால்சியம் மாத்திரையை ராத்திரி வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம், பாஸ்பேட்டைப் பிடிக்காமல் கால்சியம் ரத்தத்தில் ஏறும்.

எங்கள் யூனிட்டில் ஒரு மாமா இருக்கிறார். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் முதலில் அதை எடுத்து இலை ஓரத்தில் வைப்பார், அப்புறம்தான் பருப்பு ஊற்றச் சொல்வார். அவருக்குப் பாஸ்பரஸ் 5-ஐத் தாண்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, உங்கள் பாஸ்பரஸ் மாத்திரை செவெலமர் வகை என்றால் உடைக்காமல் முழுதாக விழுங்கணும், லாந்தனம் என்றால் நன்றாக மென்று தின்னணும். இதை மாற்றிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குளச்சல் அண்ணன் ஒருவர்: மீனே கூடாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

அண்ணே, டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்குப் புரதம் கட்டாயம் வேணும், உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. மீனை நிறுத்தினால் ரத்தத்தில் உள்ள அல்புமின் என்கிற புரதம் இறங்கும், உடம்பு வாடும். கஷ்டம் மீனில் இல்லை, முள்ளில். சாளையை முள்ளோடு கடிப்பது, நெத்திலிக் கருவாட்டை அப்படியே பொரித்துத் தின்பது, இரண்டையும் விடுங்கள். எலும்பில்தான் பாஸ்பரஸ் நிறைய இருக்கு. கருவாட்டில் உப்பும் சேரும், தாகம் எடுக்கும், தண்ணீர் எடை கூடும். சதை மீன் ஒரு துண்டு குழம்பில் போட்டு மாத்திரையோடு சாப்பிடுங்கள். முட்டை என்றால் வெள்ளைக் கரு, அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) பாஸ்பரஸ் பயமில்லை, ஆனால் பொட்டாசியம் இருக்கு, அதனால் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுக் கொஞ்சமாக.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா: பயறு, கடலை எல்லாம் கூடாதா? புட்டுக்கு என்ன செய்ய?

பயறில் கணக்குப்படி பாஸ்பரஸ் இருக்கு, ஆனால் அது பைட்டேட் என்கிற பொருளாகக் கட்டுண்டு கிடப்பதால் பாதிகூட உடம்பில் சேராது. இறைச்சி, மீன், பாலில் உள்ளது அதைவிடக் கூடுதலாகச் சேரும். கம்பெனிக்காரர்கள் பொடியாகச் சேர்க்கிற பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுவதும் சேர்ந்துவிடும். எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான் அக்கா. கடலைக் கறியைப் பிடுங்கிவிட்டு கோலா பாட்டிலைக் கையில் கொடுக்கிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை எண் போட்டிருந்தால் அது பாஸ்பேட். கருப்புக் கோலா, சாசேஜ், தடவித் தின்கிற சீஸ், சில உறைந்த இறால் பாக்கெட் எல்லாவற்றிலும் வரும். கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்து, ஒரு சின்னக் கரண்டி எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணத்தில் போளியும் பால் பாயசமும்?

போளி ஒன்று, பாயசம் இரண்டு ஸ்பூன், மாத்திரையோடு. தினமும் வேண்டாம்.

குழித்துறை தம்பி: 4 மணி நேரம் மிஷினில் கிடக்கிறேனே, அதில் பாஸ்பரஸ் போகாதா?

போகும் மக்களே, ஒரு தடவைக்கு ஏறக்குறைய 600 முதல் 1000 மில்லிகிராம் வரை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவ்வளவு உள்ளே வருகிறதே! யூரியா என்கிற கழிவு மாதிரி இது லேசில் வெளியே வராது, செல்லுக்குள் இருந்து மெதுவாகத்தான் ரத்தத்துக்கு வரும். முதல் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் சட்டென்று இறங்கும், அப்புறம் இறக்கம் மந்தமாகும், டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் திரும்ப ஏறும். அதனால்தான் அரை மணி நேரம் முன்னாடியே கழற்றிவிடுங்கள் என்று கேட்டால் நான் சம்மதிப்பதில்லை. பஸ் போய்விடும் என்பது தெரியும், அடுத்த பஸ் வரட்டும்.

புதுக்கடையிலிருந்து: கிட்னி மூன்றாம் நிலை. பாஸ்பரஸ் 3.9, நார்மல். கவலை வேண்டாமா?

2.5 முதல் 4.5 வரை சாதாரண அளவுதான். ஆனால் கிட்னி இந்த நிலைக்கு வரும்போது பாராதைராய்டு ஹார்மோனும் எஃப்ஜிஎஃப் 23 என்கிற ஹார்மோனும் கூடி, மிச்சமிருக்கிற கிட்னியைப் பிழிந்து பாஸ்பேட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ரத்த அளவு ரொம்ப நாள் நல்லபடியாகவே தெரியும். பிடிஎச் (அந்தப் பாராதைராய்டு ஹார்மோன்) பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், பாக்கெட் சாமானைக் குறைத்தால் போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள்.

பளுகல்: உடம்பெல்லாம் அரிப்பு, பாஸ்பரஸ் 5.1. அதனாலா?

பாஸ்பரஸ் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. தோல் வறட்சியும் பெரிய காரணம். குளித்துவிட்டு ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்குகிற வெள்ளை சிரப்பை மட்டும் நீங்களாகக் குடிக்காதீர்கள், அதில் பெரும்பாலும் அலுமினியம் இருக்கும், வெளியே போகாமல் எலும்பிலும் மூளையிலும் தங்கும்.

மார்த்தாண்டத்து அக்கா மறுபடி: இரும்புச் சத்து உள்ள பாஸ்பரஸ் மாத்திரை தொடங்கியபிறகு மலம் கறுப்பாகப் போகிறது.

அந்த மாத்திரைக்கு அது வழக்கம், பயப்படாதீர்கள். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட வாடையோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.